கே.எஸ். கிருஷ்ணன்: 1928-க்குப் பிறகு என்ன செய்தார்?

#1 காந்தமுள்

இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன் என்று ஆரம்பித்தாலே பேச்சு ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. ராமனுக்கு நோபல் கிடைத்தது, கூட உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை, அநியாயம், முடிந்தது கதை. அதற்குப் பிறகு அந்த மனிதர் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். சும்மாவா இருந்தார்?

வாழ்க்கைக் குறிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சென்னையில் கொஞ்ச காலம் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. 1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனிடம் சேர்ந்தார். 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். 1933-ல் மறுபடி கல்கத்தா, இந்தத் தடவை மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக. 1940-ல் எஃப்.ஆர்.எஸ். (லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்), 1942-ல் அலகாபாத்தில் பேராசிரியர், 1946-ல் சர் பட்டம், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்ம பூஷண். 1958-ல் முதன்முதலாகக் கொடுத்த பட்நாகர் பரிசு இவருக்குத்தான். 1961 ஜூனில் காலமானார்.

இனி என் கட்சி. அவருடைய சொந்த முத்திரை உள்ள வேலை ராமன் விளைவு இல்லை. 1929-ல் டாக்காவில் தொடங்கி 1941 வரை நடந்த படிகக் காந்தவியல்தான். ஒரு படிகத்தை எடுத்துக்கொண்டு, அதன் காந்த குணம் திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அளந்து, அதை வைத்து உள்ளே மூலக்கூறும் எலக்ட்ரானும் எப்படி இருக்கின்றன என்று சொல்வது. இன்று இதைச் செய்பவரைப் பொருள் இயற்பியல் பேராசிரியர் என்போம். அன்றைக்கு அப்படி ஒரு துறையே கிடையாது.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். அளவீட்டு முறை தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

#2 வைப்பாறு

எங்கள் பக்கத்துக்காரர் பற்றி இழை, முதல் வரிசையில் வந்துவிட்டேன். ஆனால் அண்ணே, 1928-ஐத் தொடாமல் எப்படிப் பேசுவது? 'நேச்சர்' இதழில் மார்ச் 31-ல் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அந்த பிப்ரவரி மாதத்துக்குக் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பும் இருக்கிறது. தினமும் கருவியருகே நின்றவர் அவர். விளைவுக்குப் பெயர் மட்டும் ஒருவருக்கா?

#3 மட்டுறுத்துநர்

நோபல் விவாதத்துக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. அதை அங்கே வைத்துக்கொள்ளவும். இங்கே வந்த அடுத்த நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். காந்தமுள் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

#4 படிகப்பித்தன்

சரி, நான் தொடங்குகிறேன்.

முதலில் ஒளியை விட்டுக் காந்தத்துக்கு ஏன் தாவினார் என்ற கேள்வி. உண்மையில் அது தாவலே இல்லை. ராமனிடம் இருந்த வருடங்களில் அவர் அதிகம் மல்லுக்கட்டியது திரவங்களில் ஒளிச் சிதறலோடும், காந்தப் புலத்தில் வைத்த திரவம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் விளைவோடும். இரண்டாவதற்குக் கணக்குப் போட வேண்டுமென்றால் தனி மூலக்கூறு ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு காந்தமாகும் என்று தெரிந்தாக வேண்டும். திரவத்தில் மூலக்கூறுகள் கண்டபடி திரும்பிக் கிடப்பதால் சராசரிதான் கிடைக்கும். படிகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. அப்போது படிகத்தை அளந்தால் போதுமே என்று டாக்கா போனவர், அளக்க ஆரம்பித்துவிட்டார். இயற்பியல் துறையில் அப்போது எஸ்.என். போஸ் இருந்தார். கூட உழைத்தவர்களில் பி.சி. குகா, எஸ். பானர்ஜி இருவரும் முக்கியம். 1933-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்த பெரிய கட்டுரை மூவர் பெயரிலும் இருக்கிறது.

விஷயம் புதிதல்ல. பிஸ்மத் படிகம் காந்தப் புலத்தில் ஒரு குறிப்பிட்ட திசைக்குத் திரும்பி நிற்கிறது என்று ஃபாரடே 1848-லேயே பார்த்துவிட்டார். தொந்தரவு எங்கே என்றால், அளவு துல்லியமாக வரவில்லை. பெரும்பாலான படிகங்கள் டயா காந்த வகை (காந்தப் புலத்தை லேசாக எதிர்த்து விலகுபவை), விசை அற்பம். சிறிய படிகம்தான் சுத்தமாகக் கிடைக்கும். சிறிய படிகம் என்றால் விசை இன்னும் அற்பம்.

கிருஷ்ணனின் தந்திரத்தைப் பாருங்கள். படிகத்தை ஒரு மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிடுகிறார். புலம் சீரானது. சீரான புலத்தில் படிகத்தை எந்தப் பக்கமும் இழுக்கும் விசை கிடையாது, திருப்பு விசை மட்டும்தான். படிகம் தனக்குப் பிடித்த திசையில் போய் நிற்கும். இப்போது இழையின் மேல் முனையில் இருக்கும் தலையை மெதுவாகத் திருக வேண்டும். இழை முறுக்கேறும், படிகம் அரைகுறையாகப் பின்னால் திரும்பும், ஆனால் புலம் அதை விடாது. பிடிவாதம் பிடிக்கும் கன்றுக்குட்டியைக் கயிற்றில் இழுப்பது மாதிரிதான். படிகம் சுமார் 45 பாகை திரும்பும் வரை புலத்தின் பிடி கூடிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால் பிடி குறையும், முறுக்கு அப்படியே இருக்கும். ஆகவே அந்த இடத்தில் படிகம் சட்டென்று உருண்டு சுழன்றுவிடும். அது எந்த முறுக்கில் நடந்தது என்று மேல் தலையின் அளவுகோலில் படித்தால் போதும். இழையின் விறைப்பு, படிகத்தின் எடை, புலத்தின் வலிமை மூன்றும் தெரிந்தால், இரண்டு திசைகளுக்கும் உள்ள காந்த ஏற்புத்திறன் (புலத்தில் வைத்தால் பொருள் எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) வித்தியாசம் நேரே வந்துவிடும்.

நுண்ணோக்கி வைத்துச் சின்ன விலகலை அளக்கும் வேலையே இல்லை. 'சுழன்றதா இல்லையா' என்பதைக் கண்ணால் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இந்த இடம். காசு குறைவான ஆய்வகத்துக்கென்றே செய்த முறை மாதிரி இருக்கிறது.

#5 இரவுக்குயில்

எம்எஸ்சி மாணவி நான். படிகப்பித்தன் சார், ஒரு சந்தேகம். இந்த முறையில் வித்தியாசம்தானே கிடைக்கிறது? தனித்தனி மதிப்பு வேண்டாமா? அப்புறம் அந்த எண்ணை வைத்து மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

#6 படிகப்பித்தன்

நல்ல கேள்வி. தனி மதிப்புக்கு வேறொரு முறையைச் சேர்த்துக்கொண்டார். ராபி என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த உபாயம் அது. பாரா காந்த (புலத்தால் லேசாக ஈர்க்கப்படும்) உப்புக் கரைசலில் படிகத்தை முக்கி, சீரற்ற புலத்தில் வைப்பது. கரைசலின் செறிவைக் கூட்டிக் குறைத்தால் ஒரு கட்டத்தில் படிகம் எந்தப் பக்கமும் நகராது. அப்போது படிகத்தின் அந்தத் திசை மதிப்பும் கரைசலின் மதிப்பும் சமம். ஒரு திசைக்கு இது தெரிந்துவிட்டால் மற்ற திசைகளுக்கு வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி. பென்சீன் வளையத்தை எடுத்துக்கொள். வளையத் தளத்துக்குச் செங்குத்தாகப் புலத்தைக் கொடுத்தால், வளையத்தைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான்கள் புலத்தை எதிர்த்துச் சுழல்கின்றன. தளத்தோடு இணையாகக் கொடுத்தால் அந்த ஓட்டம் இல்லை. செங்குத்துத் திசையின் டயா காந்தம் மற்றதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நாப்தலீன், ஆந்த்ரசீன் என்று வளையம் கூடக் கூட வித்தியாசமும் கூடும். ஆக ஒரு படிகத்தில் எந்தத் திசையில் டயா காந்தம் அதிகமோ, வளையங்கள் அந்தத் திசைக்குக் குறுக்காகத் தட்டையாக நிற்கின்றன என்று அர்த்தம். எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்பதைக்கூட மூன்று அச்சு மதிப்புகளிலிருந்து கணக்கிடலாம்.

அந்தக் காலத்தில் எக்ஸ் கதிரை வைத்துக் கரிமப் படிகத்தின் அமைப்பைக் கண்டுபிடிப்பது பாதி ஊகம், பாதி சோதனை. முதலில் மூலக்கூறு இப்படித்தான் கிடக்கிறது என்று ஊகித்து, கணக்குப் போட்டு, ஒத்துவராவிட்டால் இன்னொரு ஊகம். மாதக்கணக்கில் ஆகும். காந்த அளவீடு முதல் ஊகத்தையே சரியாக வைத்துக்கொள்ள உதவியது. பென்சீன் வளையம் தட்டை என்று எக்ஸ் கதிரால் காட்டிய கேத்லீன் லான்ஸ்டேல் இதன் பயனை உடனே பிடித்துக்கொண்டார். 1936-ல் அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, காந்த அளவிலிருந்து மூலக்கூறு அமைப்புக்கு எப்படிப் போவது என்பதைச் சொல்லும் கட்டுரைதான். ஒருவர் லண்டனில், ஒருவர் கல்கத்தாவில்.

#7 ஆய்வகச்சாவி

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படிகப்பித்தன் 'மெல்லிய குவார்ட்ஸ் இழை' என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். இழை செய்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

குவார்ட்ஸ் கம்பியை ஆக்சிஜன் சுடரில் காட்டினால் கண் கூசும் வெள்ளையாகப் பழுக்கும். அப்போதும் தேன் பதத்துக்குத்தான் இளகும், தண்ணீராக ஓடாது. இளகிய கணத்தில் சுடரிலிருந்து வெளியே எடுத்து இரண்டு கையையும் விரித்து இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் கம்பி, வேகமாக இழுத்தால் இழை. இங்கிலாந்தில் பாய்ஸ் என்பவர் 1887-ல் ஒரு முனையை அம்பில் கட்டி வில்லில் எய்தே இழை எடுத்தார். அந்த வேகம் கைக்கு வராது என்பதால்தான்.

எடுத்த பிறகு இழை எங்கே என்று தேட வேண்டும்! கண்ணுக்குத் தெரியாது. மேசையில் கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்து, ஒரு மினுக்கு தெரிகிறதா என்று பார்ப்போம். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வோம். முனையை அரக்குப் பொட்டு வைத்து ஒட்ட வேண்டும். அரக்கு அதிகமானால் எடை, குறைந்தால் படிகம் கீழே.

இவ்வளவு பாடு எதற்கு, பட்டு நூல் போதாதா என்று கேட்பார்கள். பட்டை முறுக்கிவிட்டு விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாது, ஈரப்பதத்துக்கும் மாறும். குவார்ட்ஸ் எத்தனை முறை முறுக்கினாலும் அப்படியே பழைய பூஜ்ஜியத்துக்கு வரும். கிருஷ்ணனின் எண்கள் இத்தனை காலம் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

#8 கறார்

எல்லாம் சரி. ஆனால் வரலாற்றுப் பாசத்தைக் கொஞ்சம் ஓரம் வைத்துப் பார்ப்போம். எக்ஸ் கதிர் முறைகள் வளர்ந்ததும் மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது என்பதைக் காந்தத்தைக் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. இன்று யாரும் நாப்தலீன் அமைப்புக்குக் குவார்ட்ஸ் இழையைத் தேடுவதில்லை. அப்படிப் பார்த்தால் டாக்கா வேலை, காலம் தாண்டிய ஒரு நல்ல உத்தி. அவ்வளவுதானே?

#9 காந்தமுள்

கறார், பாதிதான் சொன்னீர்கள். கரிமப் படிகங்கள் அவர் செய்ததில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு பாரா காந்த உப்புகள். நிக்கல், கோபால்ட், காப்பர் சல்பேட்டுகள், அவற்றின் இரட்டை உப்புகள். அங்கே கேள்வியே வேறு. அணு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ் கதிர் சொல்லிவிடும். ஆனால் அந்தக் காப்பர் அயனியைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அதன் எலக்ட்ரான்களை எப்படி நெருக்குகின்றன என்பதை எக்ஸ் கதிர் சொல்லாது. காந்த ஏற்புத்திறன் சொல்லும். 1929-ல் பெத்தேயும் அதன் பிறகு வான் விளெக்கும் அந்தப் படிகப் புலக் கொள்கையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கொள்கையை உரசிப் பார்க்க நம்பகமான, திசைவாரியான எண்கள் தேவைப்பட்டன. அதைக் கொடுத்த ஆய்வகங்களில் கல்கத்தா முன்வரிசை. இந்த வேலை காலாவதியாகவில்லை. இன்றும் காந்தப் பொருள்களில் திசைவாரி அளவீடுதான் முதல் அடி. கருவிக்குப் பெயர் மாறியிருக்கிறது, முறுக்கை அளப்பது மாறவில்லை.

மூன்றாவது பங்கு கிராஃபைட். எனக்கு இதுதான் மகுடம்.

பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள், நல்ல படிகமாக. அதில் கார்பன் அணுக்கள் தளம் தளமாக அடுக்கியிருக்கின்றன. தளங்களுக்குச் செங்குத்தாகப் புலத்தைக் கொடுக்கும்போது காந்த ஏற்புத்திறன் கிராமுக்கு மைனஸ் 22 என்று வைத்துக்கொண்டால் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில்), இணையாகக் கொடுத்தால் மைனஸ் அரைதான். நாற்பது மடங்குக்கு மேல்! சாதாரணக் கரிமப் படிகத்தில் இரண்டு மூன்று மடங்கையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். கிருஷ்ணன் 1934-ல் இதைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். பிறகு கங்குலியோடு சேர்ந்து 1939-ல் மின்கடத்தும் திறனையும் அளந்தார். தளத்தின் ஊடாகப் போகும் மின்னோட்டத்துக்கும் தளங்களைக் குறுக்கே கடக்கும் மின்னோட்டத்துக்கும் பத்தாயிரம் மடங்கு அளவில் வித்தியாசம்.

1941-ல் இருவரும் எல்லாவற்றையும் சேர்த்து ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம்: கிராஃபைட்டின் எலக்ட்ரான்கள் தளத்துக்குள் சுதந்திரமாக ஓடுகின்றன, தளம் விட்டுத் தளம் தாவுவதில்லை, அவற்றை இரு பரிமாண வாயுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலையை மாற்றி மாற்றிக் காந்த ஏற்புத்திறனை அளந்து, அந்த எலக்ட்ரான் வாயு தன் குவாண்டம் நிலைக்கு இறங்கும் வெப்பநிலை சுமார் 520 கெல்வின் என்று கண்டார்கள். காப்பரில் அதே எண் எண்பதாயிரத்தைத் தொடும். அவ்வளவு குறைந்த எண் வந்ததும், இது சாதாரண உலோகமே இல்லை என்று தெரிந்துவிட்டது.

இரு பரிமாண எலக்ட்ரான் என்ற சொல் இன்று எந்தக் கருத்தரங்கிலும் காதில் விழும். 1941-ல் அதை ஒரு நிஜப் பொருளில் அளந்து எழுதியிருக்கிறார்.

#10 வைப்பாறு

அப்படியென்றால் கிராஃபீனுக்கு 2010-ல் கொடுத்த நோபலும் நமக்கு வர வேண்டியதுதானே! 😄

#11 கறார்

இதற்குத்தான் பயந்தேன். வைப்பாறு சிரித்துக்கொண்டே சொன்னாலும் நாளைக்கு யாராவது இதைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

கிராஃபீன் ஒற்றைத் தளம். அதைத் தனியாக உரித்து அளந்தது 2004-ல் கைமும் நோவோசெலோவும். கிருஷ்ணன் அளந்தது கோடிக்கணக்கான தளங்கள் அடுக்கிய படிகம். அவருடைய மாதிரியும் முழுச் சரியில்லை. எலக்ட்ரானைச் சாதாரண நிறையுள்ள துகளாக, தளத்தில் மட்டும் ஓடும் வாயுவாக வைத்தார். கிராஃபைட்டின் ஆற்றல் பட்டை (எலக்ட்ரானின் உந்தத்துக்கு ஏற்ப அதன் ஆற்றல் எப்படி மாறும் என்பது) எப்படியிருக்கும் என்று வாலஸ் 1947-ல்தான் கணக்கிட்டார். அங்கே ஆற்றல் உந்தத்தோடு நேர்கோட்டில் ஏறுகிறது, நிறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பட்டை அமைப்பை வைத்து, இவ்வளவு பெரிய டயா காந்தம் எங்கிருந்து வருகிறது என்று 1956-ல் மெக்ளூர் விளக்கினார். அந்த விளக்கம் கிருஷ்ணன் கொடுத்ததிலிருந்து வேறு.

அளவீடு அவருடையது, பாராட்டுவோம். தளத்துக்குள்தான் விஷயம் என்ற உள்ளுணர்வும் சரி. அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

#12 காந்தமுள்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு சேர்க்கையோடு. மெக்ளூர் விளக்க எடுத்துக்கொண்ட விஷயத்தை நம்பகமான எண்ணாக வைத்தது யார்? வெப்பநிலையோடு அது எப்படி மாறுகிறது என்று வளைவரை போட்டுக் கொடுத்தது யார்? கொள்கை மாறும். நல்ல அளவீடு அடுத்த கொள்கைக்கும் வேலை செய்யும்.

#13 எழுநிலை

கொள்கைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அலகாபாத் வருடங்களை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். போர்க்காலம், கருவிகள் கிடையாது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டார். ஏ.பி. பாட்டியா என்ற இளைஞரோடு சேர்ந்து உலோகங்களின் மின்தடையைப் பார்த்தார்.

கேள்வி இது: உலோகம் உருகினால் மின்தடை ஏன் ஒரே தாவாக ஏறுகிறது? பல உலோகங்களில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அவர்கள் பிடித்த நுனி: எலக்ட்ரானும் ஒரு அலை. திரவத்தில் அணுக்கள் எப்படி ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்ச் சிதறல் நமக்கு ஏற்கெனவே காட்டுகிறது. அதே சிதறல் வளைவரையை எடுத்து, எக்ஸ் கதிருக்குப் பதில் எலக்ட்ரான் அலையைப் போட்டால் மின்தடை வர வேண்டும். 1945-ல் வெளியிட்டார்கள். இதே எண்ணத்தை ஜைமன் 1961-ல் முழுக் கொள்கையாக வளர்த்தார். திரவ உலோகம் என்றாலே இன்று அவர் பெயர்தான் பாடநூலில் வரும். பாட்டியா பின்னாளில் கனடா போய் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஒளிச் சிதறலில் பழகிய கண் என்பதால்தான் இது தோன்றியிருக்கிறது. திரவத்தில் ஒளி, படிகத்தில் எக்ஸ் கதிர், உலோகத்தில் எலக்ட்ரான். மூன்றையும் அவர் ஒரே பாடமாகத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு குட்டி விஷயம். இந்த மாதிரிக் கணக்குகளில் கூட்டல் தொடரைத் தொகையீடாக மாற்றுவது வழக்கம், கொஞ்சம் பிழை வரும், பரவாயில்லை என்று விடுவோம். சில தொடர்களில் பிழை சுத்தமாகப் பூஜ்ஜியம், இரண்டும் அச்சொட்டாகச் சமம் என்று 1948-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். சைன் வர்க்கத்தை எண்ணின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போகும் தொடர் அதில் ஒன்று. கணக்கு ஆசாமிகள் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும்.

#14 கறார்

என் நிஜமான வருத்தம் 1947-க்குப் பிறகு. இப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய் ஆய்வக இயக்குநராக உட்கார வைத்தார்கள். கட்டடம், நியமனம், கமிட்டி. 1948-ல் அமைந்த அணுசக்திக் கமிஷனில் பாபா, பட்நாகர், இவர், மூன்றே பேர். பேராசிரியராகவே விட்டிருந்தால்?

#15 ஆய்வகச்சாவி

கறார் தம்பி, கமிட்டி தின்ற நேரம் நிறையத்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயத்தை எடை போட வேண்டும்.

ஒன்று, புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் ஒரு மீட்டர், ஒரு கிலோ, ஒரு வோல்ட் எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் வைத்து, 1950 ஜனவரியில் பட்டேல் திறந்தார். அதை யாரோ ஒரு நிர்வாகியிடம் கொடுத்திருந்தால் வெறும் முத்திரை அடிக்கும் அலுவலகமாகியிருக்கும். ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே, அழியாத மை, அதுவும் அந்த ஆய்வகத்திலிருந்து வந்ததுதான்.

இரண்டு, அங்கே இருந்துகொண்டும் ஆராய்ச்சியை விடவில்லை. 1950-களில் ஜெயினோடு சேர்ந்து செய்த வெப்ப எலக்ட்ரான் வேலையைப் பாருங்கள். சூடான பொருளிலிருந்து எலக்ட்ரான் எவ்வளவு வெளியேறும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அதில் வரும் மாறிலி கொள்கைப்படி சுமார் 120 ஆம்பியர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, கெல்வினின் வர்க்கத்துக்கு. சோதனையில் அது ஒருவருக்கும் ஒழுங்காக வந்ததில்லை. மேற்பரப்பில் அழுக்கு, எதிரொளிப்பு என்று ஆளுக்கொரு தொல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? மேற்பரப்பை விட்டுவிட்டார். கிராஃபைட்டில் உள்ளே குடைந்த ஒரு அறை, சுவரில் ஒரு சிறு துளை. அறையைச் சூடாக்கினால் உள்ளே எலக்ட்ரான் ஆவி நிரம்பிச் சமநிலைக்கு வரும். துளை வழியாகக் கசிவதை மட்டும் அளந்தார். சுவரின் மேற்பரப்பு எப்படியிருந்தாலும் உள்ளே இருக்கும் ஆவிக்குக் கவலையில்லை. மறுபடி கிராஃபைட், மறுபடி தொல்லையைத் தீர்க்காமல் ஓரங்கட்டும் தந்திரம். குவார்ட்ஸ் இழையில் படிகத்தைச் சுழல விட்ட அதே மூளை.

#16 இரவுக்குயில்

இதையெல்லாம் படித்துவிட்டு ப்ராஜெக்ட்டுக்கு அந்த இழை முறையையே செய்யலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் துறையில் குயின்க் முறைக்கு (திரவங்களின் காந்த ஏற்புத்திறனை அளக்கும் முறை) வைத்திருக்கும் மின்காந்தம் இருக்கிறது, 5000 காஸ் வரை போகும். எந்தப் படிகத்தில் தொடங்குவது? கைடு நாப்தலீன் என்கிறார்.

#17 படிகப்பித்தன்

நாப்தலீன் வேண்டாம். அளவு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது அந்துருண்டைப் பொருள். திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும். காலையில் எடுத்த எடை மாலையில் இருக்காது.

காப்பர் அம்மோனியம் சல்பேட் எடுத்துக்கொள். காப்பர் சல்பேட்டையும் அம்மோனியம் சல்பேட்டையும் சம மோலில் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆடாத இடத்தில் மூடி வைத்தால் வெளிர் நீலப் படிகம் வளரும். ஒற்றைச் சரிவு வகை. ஒரு காந்த அச்சு படிகத்தின் சமச்சீர் அச்சோடு ஒன்றிவிடும், ஆகவே அச்சைத் தேடி அலைய வேண்டாம். வெறும் காப்பர் சல்பேட்டில் அந்த வசதி இல்லை.

தோராயக் கணக்கு இதோ. திசை வித்தியாசம் கிராமுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். நிஜத்தில் கொஞ்சம் குறையும். படிகம் 50 மில்லிகிராம், புலம் 5000 காஸ். அதிகபட்சத் திருப்பு விசை சுமார் 0.6 டைன்-சென்டிமீட்டர். இருபது மைக்ரான் தடிமனும் இருபது சென்டிமீட்டர் நீளமும் உள்ள குவார்ட்ஸ் இழையின் விறைப்பு ஒரு ரேடியனுக்கு 0.024 அளவில். வகுத்துப் பார், படிகம் சுழல்வதற்குள் மேல் தலையை நான்கு சுற்றுத் திருக வேண்டும். நிதானமாக எண்ணலாம். இழை தடிமனின் நான்காம் அடுக்கில் விறைப்பு மாறுவதால், தடிமனை அளந்து கணக்குப் போடாதே. தெரிந்த நிலைமத் திருப்புத்திறன் உள்ள ஒரு சின்னத் தகட்டைத் தொங்கவிட்டு ஊசல் நேரத்தை வைத்து விறைப்பைக் கண்டுபிடி.

இது சரியாக வந்தால் அடுத்து கிராஃபைட் செதில். ஒரே ஒரு மில்லிகிராம் போதும், அதே இழையில் ஒன்றே முக்கால் சுற்று வரும்.

#18 ஆய்வகச்சாவி

குயில் கண்ணு, இரண்டு விஷயம் மறக்காதே. இரும்பு இடுக்கி தொடாதே, பிளாஸ்டிக் இடுக்கிதான். படிகத்தில் இரும்புத்தூள் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் நீ அளப்பது அதைத்தான். இயற்கைக் கிராஃபைட்டில் இரும்பு ஆக்சைடு இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிவிட்டு எடு.

இரண்டாவது, குயின்க் முறைக்கு வைத்திருக்கும் துருவங்கள் பெரும்பாலும் கூம்பு வடிவம். அங்கே புலம் சீராக இருக்காது, படிகம் திரும்புவதற்குப் பதில் ஒரு பக்கமாக இழுபடும். தட்டைத் துருவம் இருக்கிறதா என்று ஸ்டோர் அலமாரியில் கேள். காந்தத்தோடு சேர்ந்து வந்திருக்கும், யாரும் வெளியே எடுத்திருக்க மாட்டார்கள்.